வாசலை அளந்த பிறகு மெசினைப் பாருங்கள்

கார்த்திகை மாதம் பிறந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடும். போன வருடம் முதல் அழைப்பு அக்காவின் மகனிடமிருந்து வந்தது. சித்திரையில்தான் மார்க்கம் நகரில் வீடு வாங்கியிருந்தான்.

"மாமா, நல்ல ஸ்னோ புளோவர் எது?"

"உன்ரை ட்ரைவ்வே எத்தனை அடி அகலம்?"

மறுமுனையில் சத்தமில்லை. வீட்டின் சதுர அடி அவனுக்குத் தெரியும். மோட்கேஜ் வட்டி தசமப் புள்ளியோடு தெரியும். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்றும் தெரியும். "ரெண்டு கார் நிக்கும் மாமா" என்று இழுத்தான்.

"ரெண்டு கார் நிக்கும் எண்டது அளவில்லைத் தம்பி. நாடாவை எடுத்துக்கொண்டு வெளியில போ. பிறகு கதைப்பம்."

நான் எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோ வந்தவன். ஸ்காபரோவில் முதல் வீடு வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை மூன்று ஸ்னோ மெசின்கள் வைத்திருந்திருக்கிறேன். முதலாவது சிறிது. இரண்டாவது பெரிது. மூன்றாவதுதான் அளவானது. முதல் இரண்டிலும் விட்ட காசுக்குப் பதிலாகக் கிடைத்தவைதான் கீழே வரும் அறிவுரைகள்.

ஒரு சொல் பற்றி முதலே சொல்லிவிடுகிறேன். ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கிற துளி. அதை அள்ள யாரும் மெசின் தேடியதில்லை. இங்கே கொட்டுவதை நாம் எல்லாரும் வாயால் எப்படிச் சொல்கிறோமோ, அப்படியே ஸ்னோ என்று எழுதுகிறேன்.

1. முதல் ஸ்னோவுக்கு முன்னால் நாடாவோடு நில்லுங்கள்

நீளம், அகலம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். இரண்டு கார் அகலமும் இரண்டு கார் நீளமும் உள்ள சாதாரண ட்ரைவ்வே ஏறக்குறைய 6 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம் வரும். அதாவது 60 சதுர மீற்றர். அதில் 15 சென்ரிமீற்றர் ஸ்னோ விழுந்தால் 9 கன மீற்றர். புதிதாக விழுந்த ஸ்னோ ஒரு கன மீற்றர் 100 கிலோ என்று வைத்தால் 900 கிலோ. ஈரமான ஸ்னோ என்றால் அதே அளவு இரண்டு மடங்கு நிறைக்கும். ஒரு காலையில், வேலைக்குப் போகுமுன், தேநீர் குடிக்க முன்னம், ஏறக்குறைய ஒரு தொன் எடையை இடம் மாற்றப் போகிறீர்கள். இந்தக் கணக்கு மனதில் பதிந்தால் மெசின் தேவையா இல்லையா என்ற கேள்விக்கு விடை தானாக வரும்.

அடுத்ததாக, அள்ளுவதை எங்கே போடுவீர்கள் என்று பாருங்கள். புதுக் குடியிருப்புகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளிதான் இருக்கும். முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு புல்தரை. அங்கே நாற்பது அடிக்கு எறிகிற மெசின் இருந்தால் ஸ்னோ அடுத்த வீட்டுக்காரரின் கார்க் கண்ணாடியில்தான் போய் விழும். றோட்டுக்குத் தள்ளவும் கூடாது. ரொறன்ரோவில் அது நகரச் சட்டப்படி குற்றம். ஆகவே அளவு நாடாவுக்கு ட்ரைவ்வேயைப் போலவே குவிக்கிற இடமும் முக்கியம்.

2. வானத்தால் வருவதை விட றோட்டால் வருவதற்குத்தான் பயப்பட வேண்டும்

இதைத்தான் நான் முதல் மெசின் வாங்கும்போது அறியாமல் இருந்தேன். விளம்பரத்தில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டு சின்ன மெசினைத் தள்ளிப் போகிறார். பஞ்சு மாதிரி ஸ்னோ பறக்கிறது. அந்தப் படத்தை நம்பி வாங்கினேன்.

பிறகு 1999 ஜனவரி வந்தது. ஒரு வருடத்துக்கு விழ வேண்டியதை ஏறக்குறைய ஒரே மாதத்தில் கொட்டித் தீர்த்தது. அப்போது மேயராக இருந்த மெல் லாஸ்ற்மன் ராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற மாகாணத்து ஆட்கள் அதற்காக ரொறன்ரோவை இன்றைக்கும் பகிடி பண்ணுகிறார்கள். அந்த நாட்களில் ட்ரைவ்வேயில் விழுந்ததை என் சின்ன மெசின் ஒருவழியாகத் தள்ளியது. ஆனால் றோட்டு ஸ்னோவைத் தள்ளுகிற நகரத்து உழவு லொறி போனதும் வாசலின் குறுக்கே ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போனது. முழங்கால் உயரம். றோட்டின் உப்பும் சேறும் ஐஸ் கட்டிகளும் கலந்து நெரிந்த ஸ்னோ. இரண்டு மணித்தியாலத்தில் அது சீமெந்து மாதிரி இறுகிவிடும். மெசின் அதில் மூக்கை முட்டிவிட்டு நின்றது. நான் கடப்பாரை தேடிப் போனேன்.

சில நகரங்கள் இந்த வரம்பைத் தாங்களே ஓரளவு வெட்டிவிடும். சில நகரங்கள் முதியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் மட்டும், அதுவும் முதலே பதிந்திருந்தால், வந்து வெட்டும். உங்கள் நகரம் எந்த வகை என்று ஐப்பசியிலேயே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். வரம்பு உங்கள் தலையில்தான் என்றால், மெசினை அந்த வரம்பின் உயரத்துக்கும் இறுக்கத்துக்கும் வாங்குங்கள். ட்ரைவ்வே நடுவில் விழுகிற பஞ்சை எந்த மெசினும் தள்ளும்.

3. மொன்றியல் மச்சானின் புத்தி ரொறன்ரோவுக்குப் பொருந்தாது

கல்யாண வீடுகளில் ஸ்னோ மெசின் பற்றிய பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சொல்பவர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். ரொறன்ரோவில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 110 முதல் 120 சென்ரிமீற்றர் வரை விழும். மொன்றியலில் அது 200ஐத் தொடும். நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸில் 300ஐத் தாண்டும். ஒன்ராறியோவுக்குள்ளேயே பரி நகரம் வேறு கதை. ஜோர்ஜியன் விரிகுடாவின் இளஞ்சூட்டு நீர் மேல் குளிர்காற்று வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையிலும் அதற்கு அப்பாலும் கொட்டும். ரொறன்ரோவில் வெயில் எறிக்கிற நாளில் அங்கே முழங்காலுக்கு நிற்கும். வீடு மலிவு என்று அந்தப் பக்கம் போகிற தம்பிமார் மெசினின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

சராசரி ஒன்று, கடும் நாள் இன்னொன்று. 2025 பெப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு புயல்கள் வந்து ரொறன்ரோவில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டின. இப்படியான நாள் வருடத்தில் இரண்டோ மூன்றோதான். ஆனால் அன்றைக்கும் நேர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளை போயே ஆக வேண்டும். வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்கிறவர் சராசரி நாளுக்கு வாங்கலாம். அதிகாலை ஷிப்ற்றுக்குப் போகிறவர் கடும் நாளுக்கு வாங்க வேண்டும்.

இந்த மெசினே இந்த நாட்டின் பிள்ளைதான். 1869இல் ரொறன்ரோப் பல் வைத்தியர் எலியட் என்பவர் ரயில் பாதைக்கென ஒரு சுழல் கலப்பையை வரைந்தார். வீதிக்கான மெசினை 1925இல் கியூபெக்காரரான ஆர்தர் சிக்கார் செய்தார். 1927இல் மொன்றியலை அடுத்த ஊத்ரமோன் அதை வாங்கியது. ஒரு ஊரின் கஷ்டத்துக்கு அந்த ஊர் ஆள் கண்டுபிடித்தது. நீங்களும் உங்கள் வாசலின் கஷ்டத்தைப் பார்த்தே தேடுங்கள்.

4. சிங்கிள் ஸ்டேஜ், டூ ஸ்டேஜ் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள்

கடைக்காரர் இந்த இரண்டு சொல்லையும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். விஷயம் எளிது.

சிங்கிள் ஸ்டேஜ் மெசினில் முன்னால் சுழல்கிற றப்பர் அல்லது பிளாஸ்ரிக் துடுப்பு ஒன்றுதான். அதுவே ஸ்னோவை அள்ளி, அதுவே மேலே உள்ள குழாய் வழியாக எறியும். துடுப்பு தரையைத் தொட்டுக்கொண்டு ஓடுவதால் சுத்தமாக வழிக்கும். அந்த உராய்வே மெசினைக் கொஞ்சம் முன்னால் இழுக்கும். சக்கரங்களுக்கு எஞ்சின் இழுவை பெரும்பாலும் இல்லை. எடை குறைவு. 20 சென்ரிமீற்றர் வரையான ஸ்னோவுக்கு நல்லது. இறுகிய வரம்புக்கு மூச்சு வாங்கும்.

டூ ஸ்டேஜில் முன்னால் இரும்புத் திருகு சுழன்று ஸ்னோவை உடைத்து நடுவுக்குக் கொண்டுவரும். அதன் பின்னால் விசிறி மாதிரி ஒன்று வேகமாகச் சுற்றி வெளியே வீசும். அள்ளுவது ஒன்று, எறிவது இன்னொன்று என்பதால்தான் இரண்டு கட்டம். சக்கரங்களை எஞ்சினே ஓட்டும். முன்னுக்கும் போகும், பின்னுக்கும் வரும். முழங்கால் உயரம், உழவு லொறியின் வரம்பு எல்லாம் இதற்குச் சரி. எடை 90 கிலோவிலிருந்து 130 வரை போகும்.

மூன்று ஸ்டேஜ் என்று ஒன்றும் விற்கிறார்கள். நடுவில் இன்னொரு திருகு வேகமாகச் சுற்றி ஸ்னோவை நறுக்கி விசிறிக்குள் தள்ளும். நீண்ட ட்ரைவ்வேயும் கடும் ஸ்னோவும் உள்ளவர்களுக்கு அது. நகரத்து வீட்டுக்குத் தேவைப்படாது.

என் கணக்கு இது: ஒரு கார் அகல வாசல், வரம்பை நகரம் வெட்டித்தரும் என்றால் சிங்கிள் ஸ்டேஜ் போதும். இரண்டு கார் அகலம், வரம்பு உங்கள் தலையில் என்றால் வாய் 24 அங்குல அகலமுள்ள டூ ஸ்டேஜ்.

5. காலுக்குக் கீழே பாருங்கள்

தார் போட்ட வாசலா, இன்ரர்லொக் கல்லா, கிறவலா? கிறவல் என்றால் சிங்கிள் ஸ்டேஜ் பக்கமே போகவேண்டாம். துடுப்பு தரையோடு ஓடுவதால் கல்லை அள்ளி எறியும். அந்தக் கல் யார் வீட்டு ஜன்னலில் படும் என்று சொல்ல முடியாது. டூ ஸ்டேஜில் இரண்டு பக்கமும் ஸ்கிட் ஷூ என்று இரும்புப் பாதம் இருக்கும். அதன் ஆணியைத் தளர்த்திப் பாதத்தைக் கீழே இறக்கி மாட்டினால் திருகு தரைக்கு மேலே ஒரு அங்குலமோ அதற்கும் கூடவோ நிற்கும். தார் வாசலுக்கு சில மில்லிமீற்றர் போதும். இன்ரர்லொக் போட்டு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் இரும்புப் பாதத்துக்குப் பதிலாக பிளாஸ்ரிக் பாதம் வாங்கி மாட்டுங்கள். கல்லில் கீறல் விழாது.

பத்திரிகை, காலடித் துடைப்பான், பிள்ளையின் ஹொக்கிப் பந்து, கிறிஸ்மஸ் லைற் வயர். இவை ஸ்னோவுக்குக் கீழே கிடந்து மெசினுக்குள் போன கதைகள் எனக்குப் பல தெரியும். கொட்டுமுன் வாசலை ஒருமுறை பெருக்குங்கள்.

6. வயர், பற்றரி, பெற்றோல்: மூன்றுக்கும் மூன்று குணம்

வயர் மெசின் மலிவு. ஏறக்குறைய 200 முதல் 400 டொலருக்குள் கிடைக்கும். எடை 15, 20 கிலோ. ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும். ஆனால் வெளியில் பாவிக்கத்தக்க தடித்த வயர் தனியாக வாங்க வேண்டும். வீட்டுக்குள் ரீவிக்குப் போடுகிற மெல்லிய வயரை நீட்டினால் அது சூடேறும். ஸ்னோவுக்குள் மறைகிற வயரைத் திருகு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. சின்ன வாசல், தளம், நடைபாதை உள்ளவர்களுக்கு இது போதும்.

பற்றரி மெசின் இந்தப் பத்து வருடத்தில் நன்றாக முன்னேறிவிட்டது. சத்தம் குறைவு, புகை இல்லை, இழுக்கக் கயிறு இல்லை. ஐந்து மணிக்கு அயலாரை எழுப்பாமல் வேலைக்குப் போகலாம். ஆனால் குளிர் பற்றரியின் வலுவைத் தின்னும். லிதியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. ஆகவே பற்றரி வீட்டுக்குள், மெசின் கராஜுக்குள். பெட்டியில் எழுதியிருக்கிற நிமிடக் கணக்கு இளகிய ஸ்னோவுக்கு. ஈர ஸ்னோவில் அதில் பாதியை நம்புங்கள். ஒரு புயலுக்கு இரண்டு தரம் வெட்ட வேண்டிவரும் என்பதால் இரண்டாவது பற்றரியின் விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பெற்றோல் மெசின் வலு. பெற்றோல் இருக்கும்வரை ஓடும். அதற்குரிய தொண்டும் உண்டு: ஒயில் மாற்ற வேண்டும், பிளக் பார்க்க வேண்டும், மணம் வரும், சத்தம் போடும். இப்போது வருகிறவை பெரும்பாலும் நான்கு ஸ்ரோக் எஞ்சின். ஒயிலும் பெற்றோலும் தனித்தனி. பழைய மெசின் வாங்குகிறவர்கள் அது இரண்டு ஸ்ரோக்கா என்று கேளுங்கள். அதற்கு ஒயிலைப் பெற்றோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். மாறி ஊற்றினால் எஞ்சின் போய்விடும்.

7. பெரிது வாங்கினால் வேகமாக முடியும் என்று எண்ண வேண்டாம்

சின்ன மெசினில் சூடு பட்ட கோபத்தில் நான் அடுத்ததாக 30 அங்குல மெசின் வாங்கினேன். வந்து இறங்கிய அன்று தெருவே பார்த்தது. அன்று பின்னேரம்தான் தெரிந்தது, கராஜில் இரண்டு காரும் நின்றால் மெசினுக்கு இடமில்லை. ஒரு கார் ஆறு மாதம் வெளியில் நின்றது. ஸ்னோ வெட்ட முதல் அந்தக் காரின் ஸ்னோவைத் தட்ட வேண்டும்! இரண்டு வீட்டுக்கும் இடையிலான பாதையால் மெசின் போகவில்லை. மனைவிக்கு அதைத் திருப்பவே முடியவில்லை. நான் ஊருக்குப் போயிருந்த ஒரு பெப்ரவரியில் அவள் பழைய ஷவலை எடுத்தாள் என்று அறிந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது.

நகரத்து இரண்டு கார் வாசலுக்கு 24 அங்குலம் போதும். 26க்கு மேலே போகிறவர் கராஜை அளந்துவிட்டுப் போங்கள். அகலத்தோடு எஞ்சினின் சிசி கணக்கையும் பாருங்கள். அகன்ற வாயும் சின்ன எஞ்சினும் உள்ள மெசின் மலிவாகக் கிடைக்கும். ஈர ஸ்னோவில் அடைத்துக்கொண்டு நிற்கும். 24 அங்குலத்துக்கு 200 சிசிக்கு மேல் இருந்தால் நிம்மதி.

8. வீட்டில் ஆகக் குறைந்த பலம் உள்ளவரைக் கடைக்குக் கூட்டிப்போங்கள்

கைப்பிடி அவரின் இடுப்புக்குச் சரியாக வருகிறதா? கிளச்சுக் கைப்பிடியை தடித்த கையுறையோடு அழுத்திப் பிடிக்க முடிகிறதா? மெசினை நிறுத்தி வைத்தே ஒருமுறை திருப்பச் சொல்லுங்கள். கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் ஒரு பக்கச் சக்கரம் நின்று மெசின் தானாகத் திரும்பும் வசதி இப்போது பலவற்றில் உண்டு. காசு கூடக் கொடுக்கத் தகுந்த முதல் வசதி அதுதான். இரண்டாவது, மின்சார ஸ்டார்ட். கராஜ் சுவரில் உள்ள பிளக்கில் வயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் எழும்பும். தோள் மூட்டு தப்பும். மூன்றாவது, முன் லைற். இங்கே குளிர்காலத்தில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. சூடேறுகிற கைப்பிடி இருந்தால் சுகம். இல்லாவிட்டால் கையுறை இருக்கிறது.

9. வாங்காமல் விடுவதும் ஒரு தெரிவுதான்

டவுன்ஹவுஸில் மாதக் கட்டணத்துக்குள் ஸ்னோ அள்ளுவதும் அடங்குமா என்று பத்திரத்தைப் பாருங்கள். அடங்கும் என்றால் கடைப் பக்கம் போகவேண்டாம். ஒரு காருக்கு மட்டும் வாசல், நாற்பது வயதுக்குள் நல்ல உடம்பு என்றால் 40 டொலர் ஷவலே போதும். அள்ள இயலாதவர்கள் பருவத்துக்கு ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடிக்கலாம். எத்தனை சென்ரிமீற்றர் விழுந்தால் வருவார், எத்தனை மணிக்குள் வருவார், வரம்பையும் வெட்டுவாரா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு மெசின் வாங்குவது பற்றிக் கேட்பீர்கள். ஊரில் பங்குக் கிணறு பார்த்தவர்கள் நாங்கள். யார் எப்ப இறைப்பது என்று முறை வைத்துக்கொள்ளாத பங்குக் கிணறு வழக்கில்தான் முடியும். முதல் வெட்டு யாருக்கு, பெற்றோல் யார், திருத்தச் செலவு யார் என்று முதலே பேசிவிட்டால் நன்றாக நடக்கும். எங்கள் தெருவில் ஒரு இத்தாலியரும் ஒரு தமிழரும் பன்னிரண்டு வருடமாக அப்படி வைத்திருக்கிறார்கள்.

10. ஸ்னோ கொட்டும்போது கடைக்குப் போகாதீர்கள்

புயல் எச்சரிக்கை வந்த அன்று கடையில் நிற்பது உங்களுக்குத் தேவையான மெசின் அல்ல, மிஞ்சிய மெசின். புரட்டாசி, ஐப்பசியில் போனால் தெரிவு இருக்கும். பங்குனி, சித்திரையில் போனால் விலை இறங்கியிருக்கும். சிங்கிள் ஸ்டேஜ் பெற்றோல் மெசின் ஏறக்குறைய 700 டொலரில் தொடங்கும். டூ ஸ்டேஜ் 1,200க்கு மேலே.

அதைவிட முக்கியம், திருத்துகிற இடம். என்னுடைய சின்ன மெசினை ஒரு பெரிய கடையின் மலிவு விற்பனையில் வாங்கினேன். மூன்றாம் வருடம் பெல்ற் அறுந்தது. கடை அந்த மெசினையே விற்பதை நிறுத்தியிருந்தது. பெல்ற் வர ஐந்து கிழமை எடுத்தது. அதற்குள் குளிர்காலம் முடிந்துவிட்டது. வாங்குமுன் அருகிலுள்ள சின்ன எஞ்சின் திருத்துபவரிடம் போய், எந்த மெசினின் சாமான் அவரின் அலுமாரியில் இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய மெசின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: "நான் வருமுன் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது குளிரில் எழும்பாத எஞ்சின்.

11. உடைவதற்கென்றே செய்த ஆணியை உடைய விடுங்கள்

டூ ஸ்டேஜ் திருகைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது ஷியர் பின் என்ற சின்ன ஆணி. ஐஸ் கட்டியோ கல்லோ அகப்பட்டால் அது முறியும். திருகு நிற்கும்; உள்ளே இருக்கிற பல்சக்கரம் தப்பும். இரண்டு டொலர் ஆணி சில நூறு டொலரைக் காப்பாற்றுகிறது. எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். "இது அடிக்கடி முறியுது" என்று கராஜில் கிடக்கிற இறுகிய போல்ற்றைப் போட்டுவிடுவார்கள். அடுத்த தடவை ஆணி முறியாது, பல்சக்கரம் முறியும். உங்கள் மெசினுக்குரிய ஆணியில் நான்கைந்து வாங்கி அதன் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

12. அடைப்பை எடுக்கக் கையை விடாதீர்கள்

மற்ற அறிவுரைகளை மறந்தால் காசுதான் போகும். இதை மறந்தால் விரல் போகும்.

ஈர ஸ்னோவில் குழாய் அடைக்கும். நேரமாகிறது, எஞ்சின் ஓடுகிறது, ஒரு பிடி ஸ்னோதான், கையால் தட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த ஒரு கணத்தில்தான் வருடா வருடம் ஆட்கள் விரல்களோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். எஞ்சினை நிறுத்துங்கள். திறப்பைக் கழற்றுங்கள். விசிறி முழுதாக நிற்கும்வரை பொறுங்கள். பற்றரி மெசின் என்றால் பற்றரியைக் கழற்றுங்கள், வயர் மெசின் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகும் கை வேண்டாம். எஞ்சின் நின்ற பின்னும் பெல்ற்றுக்குள் இறுக்கம் மிஞ்சியிருக்கும்; அடைப்பு விலகியதும் விசிறி ஒருமுறை துள்ளும். மெசினோடு வருகிற பிளாஸ்ரிக் தடி அதற்குத்தான். அதைத் தொலைத்தால் தும்புத்தடியின் கம்பைப் பாவியுங்கள்.

அடைப்பு வராமல் தடுக்கவும் வழி உண்டு. சூடான கராஜிலிருந்து மெசினை நேரே ஸ்னோவுக்குள் விடாமல் கொஞ்ச நேரம் வெளியில் குளிர விடுங்கள். குழாயின் உட்பக்கம் சிலிக்கன் ஸ்ப்ரே அடியுங்கள். ஈர ஸ்னோவில் வாயை முழுதாக நிரப்பாமல் பாதி அகலம் வெட்டுங்கள். எஞ்சின் முழு வேகத்தில் ஓடட்டும்; மெசின் மெதுவாகப் போகட்டும்.

கராஜுக்குள் ஒருபோதும் ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும். பெற்றோல் புகையின் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. வீட்டுக்குள் ஏறினாலும் தெரியவராது. சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றவும் வேண்டாம். ஸ்னோ வெட்டுகிற பக்கத்தில் பிள்ளைகளை நிற்க விடவேண்டாம்.

13. பங்குனியில் செய்கிற வேலைதான் மார்கழியில் எஞ்சினை எழுப்பும்

யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லத் தேவையில்லை. இறைக்கிற மெசினைக் கயிறு சுற்றி இழுத்து, பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிறுத்தும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஐயாமார் ஒவ்வொருவரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். மெசின் பிழைத்தால்தான் வெங்காயம் பிழைக்கும். இங்கே அதே சாதி எஞ்சினை வாங்கிவிட்டு, சித்திரையில் மூலையில் தள்ளிவிட்டு, மார்கழியில் இழுத்து இழுத்துத் தோள் நோகிறோம்.

மாதக்கணக்கில் நிற்கிற பெற்றோல் கெட்டுப் பிசினாகிக் காபரேற்றரை அடைக்கும். பருவம் முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்; அல்லது கெடாமல் வைத்திருக்கும் ஸ்ரபிலைசர் மருந்தைப் பெற்றோலில் கலந்து ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒயிலை மாற்றுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பைக் கழுவி உலரவிட்டு எண்ணெய் பூசுங்கள். ஐப்பசி கடைசியில் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். அப்போது பிழை என்றால் திருத்துபவரிடம் வரிசை இருக்காது.

14. நெஞ்சையும் கணக்கில் சேருங்கள்

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான குளிர்கால மாரடைப்புப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்தது. பெருமளவு ஸ்னோ விழுந்த மறுநாள் ஆண்களின் மாரடைப்புக் கூடுகிறது. பெண்களிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. விடியற்காலையில் ஷவலோடு இறங்குவது பெரும்பாலும் ஆண்கள் என்பதே காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். சீனியும் பிரஷரும் நம் வீடுகளில் புதிதல்ல. ஐம்பது தாண்டியவர், நெஞ்சுக்கு மருந்து எடுப்பவர், சத்திரசிகிச்சை செய்தவர், மெசின் வாங்குவதை ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். மெசின் பிடிப்பதும் வேலைதான். 100 கிலோ இரும்பை ஐஸில் திருப்பினால் மூச்சு வாங்கும். பாதியில் நில்லுங்கள். ஸ்னோ எங்கும் ஓடிப்போகாது.

15. ஷவலை எறிந்துவிடாதீர்கள்

மருமகன் அடுத்த நாள் அளந்துவிட்டு எடுத்தான். அகலம் 17 அடி, நீளம் 30. மார்க்கம் நகரசபைக்கும் தானே கதைத்திருந்தான். வரம்பை அவனே வெட்ட வேண்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் 24 அங்குல டூ ஸ்டேஜ் வாங்கினார்கள். திருப்பிப் பார்த்துத் தெரிவு செய்தது அவள்தான். தையில் ஒரு காலை எனக்குப் படம் அனுப்பினான். தார் தெரிய வழித்த வாசல், வரம்பு வெட்டிய வாய், இரண்டு பக்கமும் நேரான சுவர். அழகாகத்தான் இருந்தது. படத்தின் மூலையில் முன் படிக்கட்டில் ஸ்னோ அப்படியே கிடந்தது.

"படியை ஆர் வெட்டுறது?" என்று கேட்டேன்.

"மெசின் ஏறாது மாமா."

ஏறாதுதான். படிக்கட்டு, கார்களுக்கு இடைப்பட்ட சந்து, கராஜ் கதவின் அடி, காஸ் மீற்றரைச் சுற்றிய இடம் எல்லாவற்றுக்கும் எந்த விலை மெசினும் உதவாது. நல்ல ஷவல் ஒன்றைக் கதவருகில் சாத்தி வையுங்கள். தபால்காரர் ஏறுவது படியால்தான்.